பாட்டு யார் கையில் இருக்கிறது?
பேராசிரியர் கே.ஏ. குணசேகரன் நினைவுச் சொற்பொழிவு



பேராசிரியர் கே.ஏ. குணசேகரன் 1955இல் பிறந்து 2016இல் மறைந்தார். நாட்டார் வழக்காற்றை ஆய்ந்தவர்கள் தமிழில் பலர் உண்டு. ஆய்ந்த பாட்டைத் தானே மேடையேறிப் பாடியவர்கள் மிகச் சிலர். ‘பலி ஆடுகள்’ நாடகத்தையும் ‘வடு’ என்னும் தன்வரலாற்றையும் எழுதிய அதே மனிதர்தான் இன்குலாபின் ‘மனுசங்கடா’வைத் தம் குரலில் ஊர் ஊராகக் கொண்டுபோனார். கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் எரிக்கப்பட்டதை ஏட்டில் படித்தவர்களைவிட, அந்தப் பாட்டின் வழியாக நெஞ்சில் வாங்கிக்கொண்டவர்களே அதிகம் என்று நாம் நம்புகிறோம்.

அந்தப் பாட்டு நமக்கு எப்படி வந்து சேர்ந்தது? வானொலி அதைத் தூக்கிக்கொண்டு வரவில்லை. திரையரங்கும் கொண்டுவரவில்லை. மேடையில் கேட்டவர் வீட்டுக்குப் போய்ப் பாடினார். கேசட் வைத்திருந்தவர் இன்னொருவருக்குக் கொடுத்தார். அவர் இரண்டு டேப் ரெக்கார்டரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இன்னொரு படி எடுத்தார். எத்தனை படி என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. நிறுத்த நினைத்தாலும் யாராலும் நிறுத்தியிருக்க முடியாது.

இன்று அப்படியொரு பாட்டு பிறந்தால், பிறந்த அன்றே அது ஒரு ஸ்ட்ரீமிங் நிறுவனத்தின் கிடங்குக்குப் போய்விடுகிறது. நாம் அதைக் கேட்கிறோம். ஆனால் நம்மிடம் அது இல்லை. இந்த வேறுபாட்டைப் பற்றித்தான் இன்று பேச இருக்கிறோம். கேட்பவர்கள் தங்களுக்குள் நேரடியாகப் பாட்டைக் கைமாற்றிக்கொள்ளும் முறை, அதாவது பியர்-டு-பியர் பகிர்வு, ஸ்ட்ரீமிங்குக்கு ஒரு மாற்றாக முடியுமா? ஒடுக்கப்பட்டோரின் கலைக்கு அதனால் என்ன லாபம், என்ன ஆபத்து?

நாடாவும் நினைவட்டையும்

இசைத்தட்டு இருந்த காலத்தில், எதைப் பதிவு செய்யலாம் என்று முடிவு செய்தவர்கள் மிகச் சிலர். இந்தியாவில் கிராமபோன் கம்பெனியின் எச்.எம்.வி. முத்திரைதான் நெடுங்காலம் சந்தையை ஆண்டது. இசைத்தட்டு அச்சிட ஆலை வேண்டும், முதல் வேண்டும். சேரியின் பாட்டுக்கு அந்த வாசல் திறக்கவில்லை. 1980களில் கேசட் பரவியபோது நிலைமை மாறியது. ஒரு மைக், ஒரு பதிவுக் கருவி, படி எடுக்க ஓர் இயந்திரம் இருந்தால் போதும். சிறிய ஊரில் இருப்பவரும் வெளியீட்டாளராகலாம். மராட்டியத்தின் பீம் கீதங்கள் இப்படித்தான் பரவின. வாமன்தாதா கர்டக் போன்ற மக்கள் பாடகர்கள் உருவாக்கிய மரபு, நாக்பூர் தீட்சாபூமியிலும் மும்பை சைத்யபூமியிலும் புத்தகக் கடைகளுக்குப் பக்கத்திலேயே கேசட்டாக, பிறகு சி.டி.யாக விற்கப்பட்டது. டிசம்பர் 6 அன்று சைத்யபூமிக்கு வருபவர் கையில் அம்பேத்கரின் நூல் ஒன்றும் பாட்டுத் தொகுப்பு ஒன்றும் இருக்கும்.

கேசட்டுக்குப் பிறகு மெமரி கார்டு வந்தது. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து மொபைல் கடையில் சில பத்து ரூபாய்க்குக் கார்டு நிறையப் பாட்டு ஏற்றித் தந்த காலத்தை இங்கிருக்கும் மாணவர்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பிறகு புளூடூத், அதற்குப் பிறகு ஷேர்இட் போன்ற செயலிகள். இணையமே இல்லாமல் ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்குப் பாட்டு போனது. ஷேர்இட் உள்ளிட்ட 59 சீனச் செயலிகளை 2020 ஜூனில் ஒன்றிய அரசு தடை செய்தது. எல்லைப் பிரச்சினை ஒரு பக்கம் இருக்கட்டும். டேட்டா செலவில்லாமல் பகிர்ந்துகொண்டிருந்த ஏழைப் பிள்ளைகளின் கையிலிருந்து ஒரு கருவி போனது என்பதும் உண்மை.

இது நம் நாட்டுக் கதை மட்டுமல்ல. சஹாரா பாலைவனத்தை ஒட்டிய மாலி, நைஜர் நாடுகளிலும் இதே நினைவட்டைதான் இசைக்கு வாகனமாக இருந்தது. இணையம் எட்டாத ஊர்களில் இளைஞர்கள் போனுக்குப் போன் பாட்டு மாற்றிக்கொண்டார்கள். நைஜரின் துவாரக் இனப் பாடகர் எம்து மொக்தாரின் தொடக்க காலப் பாடல்கள் எந்த நிறுவனத்தின் தயவும் இல்லாமல் பாலைவனம் முழுக்கப் போன்களில் பரவின. அந்த நினைவட்டைகளில் கிடைத்த பாடல்களை அமெரிக்கரான கிறிஸ்டோபர் கிர்க்லி சேகரித்தார். பாடியவர்களைத் தேடிக் கண்டுபிடித்து, வருமானத்தில் பங்கு கொடுத்துத் தொகுப்பாக வெளியிட்டார். மொக்தார் இன்று உலக மேடைகளில் பாடுகிறார். பகிர்வினால் கலைஞர் அழிந்துவிடுவார் என்று சொல்பவர்களுக்கு இது ஒரு பதில். ஆனால் பகிர்ந்தால் மட்டும் போதவில்லை, தேடிப் போய்ப் பங்கு கொடுக்க ஒருவர் வேண்டியிருந்தது என்பதையும் இதே கதை சொல்கிறது. இந்த இரண்டாவது பாதிக்குப் பின்னால் வருகிறோம்.

நடுவில் ஆள் இல்லாத பகிர்வு

1999 ஜூனில் அமெரிக்காவில் ஷான் பேனிங் என்ற கல்லூரி மாணவர் நாப்ஸ்டர் என்ற மென்பொருளை வெளியிட்டார். பாட்டு எல்லாம் பயனர்களின் கணினியில் இருக்கும். யாரிடம் எது இருக்கிறது என்ற பட்டியல் மட்டும் நாப்ஸ்டரின் சர்வரில் இருக்கும். இசை நிறுவனங்கள் அந்த ஆண்டு டிசம்பரிலேயே வழக்குப் போட்டன. 2001 ஜூலையில் நாப்ஸ்டர் நின்றது. பட்டியல் ஓரிடத்தில் இருந்ததால் அந்த ஓரிடத்தைப் பூட்டினால் போதும் என்றாகிவிட்டது.

அடுத்து வந்தவர்கள் இதிலிருந்து பாடம் கற்றார்கள். 2000இல் வந்த குனுடெல்லாவில் மையமான பட்டியலே கிடையாது. ஒரு கணினி பக்கத்துக் கணினியைக் கேட்கும், அது அடுத்ததைக் கேட்கும். 2001இல் பிராம் கோஹன் உருவாக்கிய பிட்டோரண்டில் ஒரு கோப்பு சிறு சிறு துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. நீங்கள் பத்துத் துண்டுகளை வாங்கியவுடனேயே அந்தப் பத்தையும் அடுத்தவருக்குக் கொடுக்கத் தொடங்குகிறீர்கள். வாங்குகிறவரே கொடுக்கிறவர். கூட்டம் கூடினால் சாதாரணச் சர்வர் திணறும். இங்கே கூட்டம் கூடக் கூட வேகம் கூடும். முழுக் கோப்பையும் வைத்துக்கொண்டு பிறருக்குக் கொடுத்துக்கொண்டே இருப்பவருக்கு அவர்கள் வைத்த பெயர் விதைப்பவர் என்பது. நல்ல பெயர்தான்.

சோல்சீக் என்று இன்னொன்று இருக்கிறது. நாப்ஸ்டரில் வேலை பார்த்த ஒருவர் தொடங்கியது, இன்றும் பயனர்களின் நன்கொடையில் ஓடுகிறது. அதில் ஒருவரிடம் ஒரு பாட்டு இருப்பதைக் கண்டால், அவர் பகிர்ந்திருக்கும் பெட்டி முழுவதையும் திறந்து பார்க்கலாம். ஒரு மனிதர் பல ஆண்டுகளாகச் சேர்த்ததை அப்படியே பார்க்கிறோம். ‘உங்களுக்குப் பிடிக்கும்’ என்று கணக்குப் போட்டு நிரல் தருவதும், ஒரு தோழரின் அலமாரியைத் திறந்து நாமே எடுப்பதும் ஒன்றல்ல.

ஒரே நாடு, இரண்டு தீர்ப்பு

இந்தப் பகிர்வைத் திருட்டு என்றார்கள். 2003 செப்டம்பரில் அமெரிக்க இசை நிறுவனங்களின் சங்கம் ஒரே நாளில் 261 பேர் மீது வழக்குத் தொடுத்தது. அதில் ஒருவர் நியூயார்க்கில் அரசு குடியிருப்பில் வாழ்ந்த 12 வயதுச் சிறுமி. 2,000 டாலர் கொடுத்துத்தான் அந்தக் குடும்பம் வழக்கிலிருந்து வெளியே வந்தது. சட்டத்தின் கை முதலில் யார் வீட்டுக் கதவைத் தட்டும் என்பது நமக்குத் தெரியாததல்ல.

சுவீடனைப் பாருங்கள். 2009 ஏப்ரல் 17 அன்று ஸ்டாக்ஹோம் நீதிமன்றம் பைரேட் பே தளத்தோடு தொடர்புடைய நால்வருக்கு ஓராண்டுச் சிறையும் 3 கோடி குரோனர் இழப்பீடும் விதித்தது. அதே ஸ்டாக்ஹோமில் அதற்கு ஆறு மாதம் முன்பு, 2008 அக்டோபரில், ஸ்பாட்டிபை தொடங்கியிருந்தது. அதை நிறுவியவர்களில் ஒருவரான டேனியல் ஏக், அதற்குச் சற்று முன்புவரை மியூடோரண்ட் என்ற டோரண்ட் மென்பொருளின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். ஸ்பாட்டிபையும் தன் முதல் ஆண்டுகளில் பியர்-டு-பியர் முறையில்தான் ஓடியது. ஒருவர் கேட்ட பாட்டின் துண்டுகள் அவர் கணினியிலிருந்தே அடுத்தவருக்குப் போயின. கேட்பவரின் கணினியும் கேட்பவரின் இணையமும் நிறுவனத்தின் செலவைக் குறைத்தன. தன் சர்வர்கள் பெருகிய பிறகு, 2014இல்தான் அதைக் கைவிட்டது.

அவர்கள் உரிமம் பெற்றிருந்தார்கள், இவர்கள் பெறவில்லை என்று சொல்லலாம். சரிதான். ஆனால் தொழில்நுட்பம் குற்றமல்ல என்பது இதிலிருந்து உறுதியாகிறது. பெருநிறுவனங்களோடு ஒப்பந்தம் போட முடிந்தவருக்கு அதே தொழில்நுட்பம் மூலதனமாகிறது. முடியாதவருக்கு அது வழக்காகிறது.

பொதுப்பானைக் கணக்கு

ஸ்ட்ரீமிங் திருட்டை ஒழித்துக் கலைஞர்களுக்குப் பணம் தருகிறது என்பது அவர்களின் வாதம். அந்தப் பணம் எப்படிப் பிரிகிறது என்று பார்ப்போம். நீங்கள் மாதம் 100 ரூபாய் கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மாதம் முழுக்க வடசென்னைக் கானா பாடகர் ஒருவரை மட்டும் கேட்கிறீர்கள். உங்கள் பணம் அவருக்குப் போகும் என்று நினைப்பீர்கள். அப்படிப் போவதில்லை. எல்லோருடைய பணமும் ஒரே பானையில் விழுகிறது. நிறுவனம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. மீதி, மொத்தக் கேட்பு எண்ணிக்கையில் யாருக்கு எத்தனை விழுக்காடு என்று பார்த்துப் பிரிக்கப்படுகிறது. பெரிய நட்சத்திரத்தை நீங்கள் ஒரு முறைகூடக் கேட்டிருக்க மாட்டீர்கள். ஆனால் உங்கள் 100 ரூபாயில் பெரும்பகுதி அவருடைய நிறுவனத்துக்குப் போய்ச் சேரும்.

2024 முதல் ஸ்பாட்டிபை இன்னொரு விதியையும் சேர்த்தது. ஓராண்டில் 1,000 முறைகூடக் கேட்கப்படாத பாட்டுக்கு ஒலிப்பதிவுப் பங்கு கிடையாது. அந்தப் பணம் மற்றப் பாடல்களுக்குப் போகும். ஓர் ஊரின் ஒப்பாரியை அந்த ஊரும் அதன் உறவுகளும் மட்டும் ஆண்டுக்கு 600 முறை கேட்டால், அந்தக் கேட்புக்கு விலை சுழியம். வேறு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. சவுண்ட்கிளவுட் 2021இல், ஒருவர் கட்டிய பணத்தை அவர் கேட்ட சிறு கலைஞர்களுக்கே பிரித்துத் தரும் முறையைத் தொடங்கியது. ஆக, பொதுப்பானை என்பது இயற்கை விதியல்ல, பெரியவர்களுக்கு வசதியான ஏற்பாடு.

புகழ் வந்தாலாவது பணம் வருமா? 2021 மார்ச்சில் வெளியான ‘எஞ்சாய் எஞ்சாமி’யை நினைத்துப் பாருங்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துத் திரும்பிய குடும்பத்தின் நினைவிலிருந்து அறிவு எழுதிய பாட்டு அது. கோடிக்கணக்கானோர் கேட்டார்கள். அதே ஆண்டு ஓர் இசை இதழின் அட்டையில் அறிவின் முகம் இல்லை என்ற கேள்வி எழுந்தது. 2024 மார்ச்சில், அந்தப் பாட்டிலிருந்து தமக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை என்று இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். அந்தத் தகராறில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது இந்த மேடையின் வேலை அல்ல. பாட்டு உலகம் சுற்றினாலும், அதன் கணக்குப் புத்தகம் பாடியவர் கண்ணில் படாத இடத்தில் இருக்கிறது என்பதுதான் நாம் குறித்துக்கொள்ள வேண்டியது.

காணாமல் போகும் கிடங்குகள்

பணத்தைவிடப் பெரிய கேள்வி நினைவு பற்றியது. மைஸ்பேஸ் தளத்தில் 2003 முதல் 2015 வரை உலகெங்கும் புதிய இசைக் கலைஞர்கள் தங்கள் பாடல்களை ஏற்றினார்கள். சர்வர் மாற்றும்போது அவை அழிந்துவிட்டன என்று 2019இல் அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. போனது ஏறத்தாழ 5 கோடிப் பாடல்கள். பின்னால் சுமார் 4,90,000 பாடல்கள் மட்டும் மீண்டன. அவையும் நிறுவனத்தால் மீளவில்லை; வெளியே ஓர் ஆய்வுக் குழு ஏற்கெனவே படி எடுத்து வைத்திருந்ததால் மீண்டன. நம் நாட்டில் ரெஸ்ஸோ 2024 ஜனவரியோடு மூடப்பட்டது. ஏர்டெல்லின் விங்க் மியூசிக்கும் அதே ஆண்டில் மூடப்பட்டது. அவற்றில் பட்டியல் பட்டியலாகச் சேர்த்து வைத்தவர்கள் கையில் மிஞ்சியது ஒன்றுமில்லை.

பகிர்வுத் தளங்கள் மட்டும் அழிவதில்லையா என்று கேட்கலாம். அழிகின்றன. அரிய இசையைத் துல்லியமான விவரங்களோடு சேர்த்து வைத்திருந்த வாட்.சிடி என்ற தளம் 2016 நவம்பரில் பிரெஞ்சு அதிகாரிகளின் நடவடிக்கையை அடுத்து மூடப்பட்டது. அதன் விவரப் பட்டியல் போனது பேரிழப்பு. ஆனால் பாட்டு உறுப்பினர்களின் வட்டுகளில் இருந்தது. கிடங்கு எரிவதற்கும், கிடங்கின் பேரேடு மட்டும் எரிவதற்கும் வேறுபாடு உண்டு.

அரசின் கையையும் மறந்துவிடக் கூடாது. 2015 அக்டோபரில் டாஸ்மாக்குக்கு எதிராகப் பாடிய கோவன் தேசத்துரோக வழக்கில் கைது செய்யப்பட்டார். 2022 ஜூனில் சித்து மூசேவாலாவின் ‘எஸ்.ஒய்.எல்.’ பாடல் யூடியூபில் இந்தியாவில் மறைந்தது. பாட்டு ஒரே கதவுக்குப் பின்னால் இருந்தால், அந்தக் கதவை மூட ஒரு கடிதம் போதும். ஆயிரம் பேரிடம் இருந்தால் ஆயிரம் கதவைத் தட்ட வேண்டும்.

இலவசம் என்ற சொல்

இதுவரை சொன்னதைக் கேட்டால், எல்லாவற்றையும் இலவசமாகப் பகிர்வதே விடுதலை என்று தோன்றும். மேலைநாட்டுக் கணினி இளைஞர்கள் பலர் அப்படித்தான் சொன்னார்கள். நாம் அதை அப்படியே வாங்கிக்கொள்ள முடியாது. ‘இலவசம்’ என்ற சொல்லுக்கு நம்மிடம் வேறொரு வரலாறு இருக்கிறது.

ஊரில் சாவு விழுந்தால் பறை கொண்டு வர வேண்டும் என்பது கடமையாக இருந்தது. அதற்குக் கூலி பேசும் உரிமை இருக்கவில்லை. கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும். மாட்டேன் என்று சொன்னவர்கள் அடிவாங்கினார்கள், ஊர்விலக்குக்கு ஆளானார்கள். பறையடிக்க மறுத்த போராட்டங்கள் தமிழகத்தின் தலித் இயக்க வரலாற்றில் ஒரு முக்கியமான பக்கம். இசை பொதுச்சொத்து, கலைக்கு விலையில்லை என்று உயர்ந்த குரலில் சொல்லப்படும்போது நம் காதில் அந்தப் பழைய அதட்டலும் சேர்ந்தே விழுகிறது.

சட்டமும் நமக்கு எளிதில் துணை வருவதில்லை. வழிவழியாக வரும் ஒப்பாரிக்குப் பதிப்புரிமை கிடையாது. ஆனால் அதை ஒலிப்பதிவு செய்தால், ஒலிப்பதிவின் உரிமை தயாரிப்பாளருக்குப் போகிறது. பாடிய ஆயாவுக்கு நிகழ்த்துநர் உரிமை என்று ஒன்று சட்டத்தில் உண்டு. அது இருப்பதையே அவரிடம் யாரும் சொல்வதில்லை. 2012 திருத்தம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் விட்டுக்கொடுக்க முடியாத பங்குரிமையைத் தந்தது. அதுவும் பெயர் எழுதப்பட்டிருந்தால்தான் கைக்கு வரும். ‘நாட்டுப்புறப் பாடல்’ என்று அட்டையில் போட்டுவிட்டால் பெயரும் இல்லை, பங்கும் இல்லை.

ஆக, நாம் கேட்க வேண்டியது இலவசமா விலையா என்பதல்ல. கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்பவர் யார் என்பதுதான். பாடியவரே மனமுவந்து கொடுத்தால் அது பகிர்வு. பாடியவரைக் கேட்காமல் எடுத்தால், எடுத்தது மாணவனாக இருந்தாலும் பெருநிறுவனமாக இருந்தாலும், அது பறிப்பு. மகத்தில் 1927 மார்ச் 20 அன்று பாபாசாகேப் பொதுக்குளத்து நீரை அள்ளியபோது நிலைநாட்டியது பொதுச்சொத்தில் நமக்குள்ள சம உரிமையை. நம் வீட்டுப் பானையில் யார் வேண்டுமானாலும் கை விடலாம் என்பதை அல்ல.

செய்யக்கூடியவை

இந்தத் தெளிவோடு பார்த்தால் நேரடிப் பகிர்வு நமக்கு மிகவும் பயனுள்ள கருவி. சில வேலைகளை இன்றே தொடங்கலாம்.

முதலாவது, மூலப் பதிவு நம்மிடம் இருக்க வேண்டும். யூடியூபில் ஏற்றியாகிவிட்டது என்று போனிலிருந்து அழித்துவிடாதீர்கள். தரம் குறையாத மூலக் கோப்பை மூன்று பேர் மூன்று ஊரில் வைத்திருங்கள்.

இரண்டாவது, பெயர் எழுதுங்கள். பாடியவர், இசைத்தவர், ஊர், நாள், பதிவு செய்தவர், யாரிடமிருந்து கற்ற பாட்டு ஆகிய விவரங்களைக் கோப்போடு சேர்த்தே வையுங்கள். வாட்.சிடி போனபோது உலகம் இழந்தது இந்த விவரங்களைத்தான்.

மூன்றாவது, அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். ‘பகிரலாம், பெயர் சொல்ல வேண்டும், வணிகத்துக்கு என்றால் என்னைக் கேட்க வேண்டும்’ என்று பாடகர் விரும்பினால், அதற்குக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் தயாராக இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் அதை வாசித்துக் காட்டி, அவர் சம்மதத்தை அவர் குரலிலேயே பதிவு செய்யுங்கள். இப்படிப் பெற்ற பாட்டை டோரண்டில் பகிர்வது முழுக்கச் சட்டத்துக்கு உட்பட்டது. பிறர் உரிமையுள்ள பாட்டை அனுமதியின்றிப் பகிர்வது பதிப்புரிமைச் சட்டப்படி சிறைக்குரிய குற்றம் என்பதையும் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான்காவது, விதைப்பவராக இருங்கள். ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு பழைய கணினி நம் தொகுப்பை விதைத்துக்கொண்டிருந்தால் எந்த நிறுவனமும் அதை மூட முடியாது. டோரண்டில் உங்கள் இணைய முகவரி மற்றவர்களுக்குத் தெரியும் என்பதை நினைவில் வையுங்கள். அரசு கண் வைத்திருக்கும் பாட்டென்றால் பென் டிரைவும் நினைவட்டையும்தான் பாதுகாப்பு. ஏப்ரல் 14 விழாவில் புத்தகக் கடைக்குப் பக்கத்தில் பாட்டு ஏற்றித் தரும் மேசை ஒன்றும் இருக்கட்டும்.

ஐந்தாவது, அதே மேசையில் ஓர் உண்டியலும், பாடகரின் யுபிஐ குறியீடு அச்சிட்ட அட்டையும் இருக்கட்டும். ஒரு கேட்பாளர் 20 ரூபாயைப் பாடகருக்கு நேரடியாகக் கொடுத்துவிட முடியும். கொடுத்த கணக்கைப் பாடகரிடம் காட்டுங்கள்.

ஸ்ட்ரீமிங்கை முற்றாக விட்டுவிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. புதிய காதுகளைத் தேட அது ஒரு தெரு. பாட்டைத் தெருவில் பாடலாம், அங்கேயே குடியிருக்க முடியாது. வீடு நம் கையில் இருக்க வேண்டும்.

பேராசிரியர் குணசேகரனின் குரல் பதிவான கேசட்டுகள் இன்னும் பல வீடுகளில் பரண்மேல் இருக்கும். நாடா நாளாக ஆகக் காந்தம் உதிர்ந்து குரல் மங்கிப்போகும். இந்த அரங்கை விட்டுப் போன பிறகு, உங்கள் ஊரில் அப்படி ஒரு கேசட் யாரிடம் இருக்கிறது என்று விசாரியுங்கள். கிடைத்தால் கணினிக்கு மாற்றி, அதில் பாடியிருப்பவர்கள், வாசித்திருப்பவர்கள் பெயரையெல்லாம் கேட்டெழுதி, அவர்கள் குடும்பத்தாரின் சம்மதத்தோடு இரண்டு தோழர்களுக்குப் படி கொடுங்கள். அடுத்த ஆண்டு இதே நாளில் எத்தனை சேர்ந்திருக்கிறது என்று எண்ணிப் பார்ப்போம்.